முறைவாசல் அட்டை

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அம்மாவும் மகளும் சபை வீட்டு வாசலில் மண்டியிட்டிருந்தார்கள். ஜெபம் ஒன்றும் இல்லை. தரைக்கற்களின் இடுக்கில் முளைத்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ரோஸ்விதா ஐசலேக்கு எழுபத்தொரு வயது. கையில் முனை மழுங்கிய ரொட்டிக் கத்தி, முழங்காலுக்கு அடியில் தேவாலயப் பலகையிலிருந்து எடுத்து வந்த மெத்தை. மகள் சிபில்லா நில அளவையாளர். அவளுக்கு மெத்தை கிடைக்கவில்லை.

"இடுக்கைச் சுரண்டுறியா, இல்ல அதுக்குத் தலை சீவி விடுறியா?"

"ரொம்பத் தோண்டினா அடியில மணல் சரியும்மா. கல் ஆடும்."

"ஊர் ஊரா அளந்துட்டுத் திரியுற. அரை விரல் ஆழம் தெரியல உனக்கு."

 பிறகு ரோஸ்விதா மேலங்கிப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள். "திங்கக்கிழமை கீல்மான் கடைக்குப் போகணும். மேல்மாடி அழைப்புமணிக்குப் பேர்த்தகடு சொல்லியிருக்கேன். வந்துருச்சுன்னு சீட்டு அனுப்பியிருக்காங்க."

"நான் கார்லதானே போறேன். வாங்கிட்டு வந்துடறேன்."

"வேணாம். நடுவுல ஒரு ஹ இருக்கு. அது இருக்கான்னு நானே பாத்துத்தான் வாங்கணும். இத்தனை வருஷம் அந்தப் பையன் பேரை இந்த ஊரு கொலை பண்ணினது போதும்."

திங்கட்கிழமை மழை. செவ்வாய்க்கிழமை முழங்கால் வலி. புதன்கிழமை காலை மணிக்கூண்டுப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எட்டு மணிக்கு அடிக்க வேண்டிய மணி அன்று அடிக்கவில்லை. அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது.

ட்ரோலிங்கன் சபையில் அவள் முப்பத்துநான்கு வருடம் கோயில்குட்டி. மணி அடிப்பாள், மெழுகுவத்தி ஏற்றுவாள், பாட்டு எண் பலகையை மாற்றுவாள், ஞானஸ்நானத் தண்ணீரைக் குழந்தை அலறாத சூட்டுக்குக் கொண்டுவருவாள். அவள் காலத்தில் ஐந்து போதகர்கள் வந்தார்கள், நால்வர் போனார்கள். ஒவ்வொருவரும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். மாற்றலாகிப் போகும்போது அதன் பெட்டிகளை நிலவறையில் விட்டுவிட்டுப் போனார். நிலவறை அவள் பொறுப்பு. அதனால் சபையின் மனசாட்சி அவளுக்குத் தட்டு வாரியாகத் தெரியும்.

"ரெண்டாம் தட்டு மழைக்காடு. மூணாம் தட்டு சமாதானம். நாலாம் தட்டுல ஈரம், அங்க ஒண்ணும் வைக்காதீங்க" என்று புதிதாக வரும் போதகரிடம் சொல்வாள்.

அந்த ஊரில் நம்பிக்கைகள் இரண்டு. முதலாவது, ஞாயிறு காலை பத்து மணிக்கு, விருப்பமிருந்தால். இரண்டாவது, சனி மாலை நான்கு மணிக்குள், விருப்பம் இல்லாவிட்டாலும். இரண்டாவதற்குப் பெயர் முறைவாசல். ஒரு கட்டடத்தில் எத்தனை குடித்தனமோ அத்தனை வாரத்துக்கு ஒரு சுற்று. யார் முறையோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். படி, நடை, முற்றம், வீதி ஓரத்து நடைபாதை எல்லாவற்றையும் பெருக்கிவிட்டு, அட்டையைக் கழற்றி அடுத்த கதவில் மாட்ட வேண்டும். முதலாவது நம்பிக்கையை விட்டவர்கள் ஊரில் ஏராளம். சிபில்லாவும் அதில் ஒருத்தி. இருபத்தெட்டு வயதில் சபைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். கோயில்குட்டியின் மகளே எடுத்துவிட்டாள் என்று ஊர் ஒரு வருடம் பேசியது. ரோஸ்விதா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போவாள். அது அப்படியே இருக்கும். மறுநாள் எடுத்து அடுக்கி வைப்பாள்.

இரண்டாவது நம்பிக்கையை விட்டவர் ஊரில் ஒருவரும் இல்லை.

ஐந்தாம் போதகர் நேகலே வந்தபோது ஒருமைப்பாட்டுக் குழு பிறந்தது. தலைவி ஹில்டெகுண்ட் ஃபிஸ்டர், ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை. உலகத்தில் எந்த நாட்டில் யார் கஷ்டப்படுகிறார்கள் என்று தலைநகரத்தோடு சொல்வார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. தேவாலய முகப்பில் ஒரு பதாகை கட்டுவது என்று குழு முடிவெடுத்தது. 'எல்லோருக்கும் இடமுண்டு.' மூன்று வார்த்தைகூட இல்லை. மூன்று கூட்டம் ஆனது. முதல் கூட்டத்தில், எல்லோருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும், தீயணைப்பு விதிப்படி நூற்றெண்பது பேருக்குத்தானே அனுமதி என்று ஒருவர் கேட்டார். இரண்டாவதில் ஆச்சரியக்குறி தேவையா என்ற விவாதம். மூன்றாவதில் ஏணியில் யார் ஏறுவது என்ற கேள்வி. கேள்வி முடிவதற்குள் ரோஸ்விதா கட்டிவிட்டு இறங்கியிருந்தாள்.

பதாகை ஒன்றரை வருடம் காற்றில் ஆடியது. யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு ஒரு பிப்ரவரியில் பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து தொலைபேசி வந்தது: உங்கள் பதாகையைப் பார்த்தோம், இங்கே ஒருவர் இருக்கிறார், எங்களிடம் அறை இல்லை.

போதகர் நேகலே தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ரோஸ்விதா பின்னால் சொன்னாள். "போட்டது அவங்களேதான். யாரோ வாசிச்சுட்டாங்கன்னதும் அதிர்ச்சி."

வந்தவன் பெயர் தெஸ்ஃபாலெம் மெப்ரஹ்து. எரித்ரியாக்காரன், முப்பது வயது, பேருந்து மெக்கானிக். அவனைத் தெற்கே, அவன் முதலில் கைரேகை வைத்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவாகியிருந்தது. அங்கே அவன் இரண்டு குளிர்காலம் ரயில் பாலத்தடியில் படுத்திருந்தான். ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் அவன் வழக்கை இங்கேயே விசாரிக்க வேண்டும் என்பது விதி. தேவாலய மண்ணுக்குள் போலீஸ் நுழைந்து ஒருவரை இழுத்துப் போவதில்லை என்பது வழக்கம். விதிக்கும் வழக்கத்துக்கும் நடுவில் ஆகஸ்ட் பத்தொன்பது வரை அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். தேவாலயம், சபை வீடு, இரண்டுக்கும் நடுவே முற்றம். வெளிக்கதவுக்கு அப்பால் ஓர் அடி வைத்தால் ரயில் பாலம்.

சபை வீட்டில் அப்போது இரண்டு குடித்தனம். கீழே ரோஸ்விதா; முதல் மாடியில் ஆர்கன் வாசிப்பவர். மேல்மாடி அறையில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருந்தன. மூன்று ராஜாக்களை நிலவறைக்கு இறக்கிவிட்டு அந்த அறையைத் தெஸ்ஃபாலெமுக்குக் கொடுத்தார்கள். அழைப்புமணிப் பலகையில் ஒரு தகடு ஒட்டினார்கள்: 'விருந்தினர் அறை.'

குழு பொங்கி வழிந்தது. பதினொரு வகைத் தேநீர் வந்தது. மூன்று கிதார் வந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. முறை வைத்துச் சாப்பாடு வந்தது. அவனுக்கோ அது நோன்புக் காலம், ஐம்பத்தைந்து நாள் கறி, பால், முட்டை எதுவும் ஆகாது. இதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வந்த பாலாடைக்கட்டிக் கேக்குகளை நன்றி சொல்லி வாங்கி ஜன்னலோரம் அடுக்கிவைத்தான். நான்காம் நாள் வாசனை பிடித்து ரோஸ்விதா மேலே போனாள்.

மாவுக்குள் கறி பொதிந்த மவுல்டாஷன் ஒரு தட்டு நிறைய அப்படியே இருந்தது.

"இதுல என்ன தம்பி? இதை நாங்க புனித வெள்ளிக்கே சாப்பிடுவோம். கறியை மாவுக்குள்ள வச்சு மூடிட்டா கடவுளுக்குத் தெரியாதுன்னு எங்க ஊர்ப் பேச்சு."

தெஸ்ஃபாலெம் தட்டைப் பார்த்தான். "எங்க ஊர்க் கடவுளுக்குத் தெரியும், அம்மா."

அன்றிலிருந்து அவனுக்குப் பருப்பு அவள் அடுப்பில் வெந்தது. கேக்குகளை ஆர்கன்காரர் தீர்த்தார். குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் தட்டுகள் கழுவித் திரும்பின. நம் சமையல் பிடித்திருக்கிறது என்று குழு மகிழ்ந்தது.

மூன்றாம் வாரம் அவன் படி இறங்கி வந்து கேட்டான். "அம்மா, எனக்கு ஏதாவது வேலை குடுங்க. உக்காந்து உக்காந்து கை மறந்துபோகுது."

விருந்தாளி ஒரு துரும்பையும் எடுக்கக் கூடாது என்று குழுவில் தீர்மானம் இருந்தது. ரோஸ்விதா அந்தக் கூட்டத்துக்குக் காபி போட்டவள், தீர்மானம் அவளுக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை பெருக்கி முடித்ததும் அட்டையைக் கழற்றினாள். அடுத்த முறைக்காரரான ஆர்கன்காரரின் கதவைத் தாண்டி மாடி ஏறினாள். 'விருந்தினர் அறை'க் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிவந்தாள்.

தெஸ்ஃபாலெம் அதைப் படம் பிடித்து அஸ்மாராவில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பினான். என்ன அது என்று அக்கா கேட்டாளாம். இந்த நாடு எனக்குக் கொடுத்த முதல் பட்டயம் என்றானாம். உன் பேர் போட்டிருக்கா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். அப்போ அது பட்டயம் இல்ல, பலகை என்றாள் அக்கா. இதை அவன் சிரித்துக்கொண்டுதான் ரோஸ்விதாவிடம் சொன்னான். ரோஸ்விதா சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம்.

"ஐசலே அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார் ஃபிஸ்டர் டீச்சர். "அந்த மனுஷன் பாலைவனம் தாண்டி வந்திருக்கார். கடல் தாண்டி வந்திருக்கார். நாம கையில துடைப்பத்தைக் குடுக்கிறோம். வெளியில யாராவது பார்த்தா?"

"பார்க்கட்டும். சுத்தமாத்தான் பெருக்குறான்."

"அது இல்லம்மா விஷயம். வரலாறுன்னு ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரங்க நாம..."

"எங்க கதவுல அந்த அட்டை முப்பத்தொரு வருஷமாத் தொங்குது. எனக்காக யாரும் அவசரக் கூட்டம் போட்டதில்ல."

போதகர் நேகலே இருமினார். "நீங்க இங்க குடியிருக்கீங்க. அவர் நம்ம விருந்தாளி."

"விருந்தும் மருந்தும் மூணு நாள், போதகரய்யா. இவன் வந்து மூணு வாரமாச்சு. விருந்தாளிக்கு முறை கிடையாது, சரிதான். குடியிருக்கிறவனுக்கு உண்டு. இவன் எதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் காபி கொண்டு வரேன்."

முடிவு செய்ய முடியாததால் ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு கூடுவதற்குள் அட்டை இரண்டு சுற்று போய்வந்துவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் ரோஸ்விதா தானே முறையை மீறினாள். வெளிக்கதவோரம் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். "இதுவரைக்கும் நீ. இதுக்கு அந்தப் பக்கம் நடைபாதை, அது என் பாடு. வெளிய கால் வச்சே, காலை ஒடிப்பேன்." அவன் வாரத்திலும் நடைபாதையை அவளே பெருக்கினாள். கோட்டுக்கு உள்ளே அவன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பான். மழை கோட்டை அழித்தால் மறுபடி கிழிப்பாள்.

எதிர்வீட்டுக்காரர் ட்ரௌப், நீரேற்று நிலையத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடமாக எதிரெதிரே பெருக்கியும் அவரும் ரோஸ்விதாவும் 'நீங்க' விட்டு 'நீ'க்கு வரவில்லை. தெஸ்ஃபாலெமை அனுப்பக் கூடாதென்று குழு எழுதிய மனுவில் ஏழாவது கையெழுத்து அவருடையது. ஆனால் கோட்டின் காரணம் அவருக்குத் தெரியாது. ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை, வீங்கின முழங்காலோடு ரோஸ்விதா நடைபாதையில் குனிவதையும் ஓர் இளைஞன் உள்ளே நின்று பார்ப்பதையும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்ப்பா! கிழவி பெருக்குறா, மரம் மாதிரி நிக்கிறியே! உங்க ஊர்ல அம்மா பெருக்கினா மகன் வேடிக்கை பார்ப்பானா?"

ரோஸ்விதா நிமிர்ந்து, "உங்க வேலையைப் பாருங்க ட்ரௌப்" என்று சொல்வதற்குள் முழங்கால் மடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். தெஸ்ஃபாலெம் கோட்டைத் தாண்டினான். துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கினான். நடைபாதை முழுக்க, வீதி ஓரக் கல் வரை பெருக்கினான். ஆறு நிமிஷம் இருக்கும்.

அந்த ஆறு நிமிஷத்துக்குள் ஃபிஸ்டர் டீச்சர் ஒரு கூடை ஆப்ரிகாட் பழத்தோடு வந்து சேர்ந்தார். துடைப்பத்தை முதலில் எதிர்த்தவர் அவர்தான். ஆனால் மாலை வெயில், பூச்சட்டி, சிரித்த முகம், பின்னால் பதாகை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் விழுந்தால் எந்த மனசுதான் மாறாது? படம் எடுத்தார். சபையின் இணையப் பக்கத்தில் போட்டார். கீழே ஒரு வரி: 'சேர்ந்தே பெருக்குகிறோம்.' ஞாயிறு ஆராதனைக்குள் இருநூறு பேருக்கு அது பிடித்துவிட்டது. இருநூற்றியோராவது ஆளுக்கு அது வேலை விஷயமாகப் பிடித்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சபை வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர். கையில் படத்தின் அச்சு. சபை மண்ணை விட்டு வெளியே வந்திருக்கிறார், ஆகவே ஏற்பாடு முடிந்தது, அழைத்துப்போக வந்திருக்கிறோம் என்றார்கள். கெடுவுக்குப் பத்தொன்பது நாள் பாக்கி.

ரோஸ்விதா கதவைத் திறந்து பார்த்தாள். "ஒரு நிமிஷம்" என்று கதவைச் சாத்தினாள். மகளுக்குத் தொலைபேசி செய்தாள். "உன் மூணுகால் பெட்டியை எடுத்துக்கிட்டு வா. இப்பவே. நம்ம எல்லை எதுவரைக்கும்னு எழுதின தாளையும் எடுத்துட்டு வா." சிபில்லாவின் அலுவலகத்தில் இருந்து ட்ரோலிங்கன் நாற்பது நிமிஷம். ரோஸ்விதா ஒரு வாளித் தண்ணீரை எடுத்து நடை முழுக்கக் கொட்டினாள். பிறகு கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்க. ஆனா இப்பத்தான் துடைக்கிறேன்."

இளையவர் காலைத் தூக்கினார். பெரியவர் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "யோவ், ஈரமா இருக்குல்ல."

ஈரத் தரையில் பூட்ஸோடு நடக்க அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் கால் வராது. இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். அவள் துடைத்தாள். காய வரும் பக்கத்தில் மறுபடி பிழிந்தாள். மூலை அழுக்கைத் துணியால் எடுத்தாள். படிக்கட்டின் அடிக்கட்டையைத் துடைத்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"உங்க வீட்டம்மாகிட்ட இப்படித்தான் கேப்பீங்களா?"

பெரியவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

சிபில்லா வந்தபோது தெஸ்ஃபாலெம் பையோடு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். போதகர் நேகலே முற்றத்தில் வெளிறிப்போய் நின்றார். அவள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கருவியை நிறுத்தினாள், தாளைப் பார்த்தாள், நடைபாதையில் இரண்டு இடத்தில் குறி வைத்தாள். கம்பியால் ஒரு தரைக்கல்லைப் பெயர்த்தாள். ஒரு சாண் ஆழத்தில் சதுரமாக ஒரு கருங்கல் தெரிந்தது. தலையில் சிலுவைக்கோடு.

"எல்லைக்கல். வெளிக்கதவிலிருந்து ஒரு மீட்டர் அறுபத்திரண்டு. அறுபத்தஞ்சு வருஷம் முன்னாடி சபை மண்ணு மேலயே நடைபாதை போட்டிருக்காங்க. பேர் மாத்தல."

போதகர் மெல்ல அருகே வந்தார். "சிபில்லா... ஒரு சிக்கல். நடைபாதை நம்மது இல்லைன்னு நாமளே மூணு தடவை நகரசபைக்கு எழுதியிருக்கோம். யாராவது பனியில வழுக்கி விழுந்தா நம்ம தலையில விழக் கூடாதுன்னு."

"நீங்க எழுதினது கடிதம். இது கல்."

"அப்ப குளிர்காலத்துல உப்பு போடுற பொறுப்பு...?"

"முப்பத்தொரு வருஷமா யாரு போடுறா?" என்றாள் ரோஸ்விதா வாளிக்குப் பின்னாலிருந்து. "நான் உப்பு போடுற மண்ணு எதுவோ அதுதான் நம்ம மண்ணு. அதுக்கு ஒரு போதகரும் வந்து பங்கு கேட்டதில்ல."

இளைய போலீஸ்காரர் அச்செடுத்த படத்தை நீட்டினார். அதில் தெஸ்ஃபாலெம் வீதி ஓரக் கல் அருகே நின்றிருந்தான். சிபில்லா படத்தில் தரைக்கற்களை எண்ணினாள். ஒரு கல் இருபது சென்டிமீட்டர். எல்லைக்கல்லில் இருந்து நூல் பிடித்து, சுண்ணக்கட்டியால் கால் பதிந்த இடத்தை வரைந்தாள்.

"கால் எல்லைக்கு உள்ள. பதினாலு சென்டிமீட்டர். துடைப்பம் மட்டும்தான் வெளிய போயிருக்கு. துடைப்பத்தைக் கூட்டிட்டுப் போறதுன்னா போகலாம்."

பெரியவர் குனிந்து கல்லைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். அப்போது படியிலிருந்து தெஸ்ஃபாலெம் கேட்டான், போலீஸிடம் இல்லை, ரோஸ்விதாவிடம்: "அம்மா, என் அடுத்த முறை ஆகஸ்ட் பத்தொன்பது. நான் போயிட்டா அந்த வாரம் யாரு பெருக்குவாங்க?"

 பெரியவர் நடைபாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். இடுக்குகளில் ஒரு புல் இல்லை.

"ஒழுங்காத்தான் பெருக்கியிருக்கு" என்றார். கல்லைப் படம் பிடித்துக்கொண்டார். "சபை மண்ணை விட்டு வெளிய வரலைன்னு எழுதிக்கிறேன்."

அவர்கள் போன பிறகு ரோஸ்விதா மகளுக்கு ஒரு கிண்ணம் பருப்பு ஊற்றினாள். "சபையில நீ இல்ல. சபை எதுவரைக்கும் இருக்குன்னு உனக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். பதினெட்டு வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் பத்தொன்பது அவன் வீதிக் கல் வரை பெருக்கினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் வெளிக்கதவைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, வீதியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றான். ஆறு மாதமாக இருந்த வீட்டை அப்போதுதான் வெளியிலிருந்து பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்று ரோஸ்விதா இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"அந்த மூலையில இலை கிடக்கு, அம்மா."

"அது நாளைக்குத்தான். இன்னைக்கு ஓய்வுநாள், துடைப்பத்தைத் தொட்டா ட்ரௌப் போலீஸைக் கூப்பிடுவாரு."

ஒருமைப்பாட்டுக் குழுவுக்குத் திருமண்டலம் துணிவுக்கான விருது கொடுத்தது. விழாவில் ஃபிஸ்டர் டீச்சர் அந்தப் படத்தைத் திரையில் காட்டினார். ரோஸ்விதா நூற்றெண்பது நாற்காலி போட்டாள். காபிக்காக அவளுக்கும் நன்றி சொன்னார்கள்.

இரண்டு வருடத்தில் தெஸ்ஃபாலெமுக்கு இருப்புரிமை கிடைத்தது, பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்தது. வாடகை கொடுத்து மேல்மாடி அறையிலேயே இருக்கிறேன் என்று கேட்டான். இங்கேதான் சபை உண்மையிலேயே திகைத்தது. விருந்தாளிக்குக் குழு இருந்தது, குடித்தனக்காரனுக்கு இல்லை. மூன்று ராஜாக்களை எங்கே வைப்பது என்றுகூட ஒருவர் கேட்டார். "நாலாம் தட்டைத் தவிர எங்க வேணும்னாலும்" என்றாள் ரோஸ்விதா. ஒன்பது மாதம் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் அவன் பெயர் இரண்டு விதமாக எழுதியிருந்தது. இரண்டிலும் ஹ இல்லை. அழைப்புமணித் தகட்டை மாற்ற ஆலோசனைச் சபையின் தனித் தீர்மானம் வேண்டும் என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அதற்கடுத்த கூட்டத்துக்கும் தள்ளிப்போட்டார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சபையில் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதே இல்லை.

தபால்காரர் புதியவர். விருந்தினர் அறைக்குக் கடிதம் வராது என்று நினைத்து தெஸ்ஃபாலெமின் கடிதங்களைத் திருப்பி அனுப்பினார். அதில் ஒன்று, அவன் அக்கா இங்கே வருவதற்கான நேர்காணல் அழைப்பு. தேதி கடந்துவிட்டது. மறுபடி விண்ணப்பம் போட்டான். இரண்டாவது அழைப்பு இந்த நவம்பருக்குள் வரும் என்றார்கள். அதைக் கேட்ட அன்றுதான் ரோஸ்விதா தீர்மானத்துக்குக் காத்திராமல் கீல்மான் கடைக்குப் போய்த் தகடு சொன்னாள்.

அடக்கம் அடுத்த வாரம் வியாழக்கிழமை நடந்தது. ஒருமைப்பாட்டின் முகம் என்று போதகர் நேகலே அவளைச் சொன்னார். முகத்தைவிட முழங்காலைச் சொல்லியிருக்கலாம் என்று சிபில்லா நினைத்தாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் அவளாகவே ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாடவில்லை. தெஸ்ஃபாலெம் பேசுவோர் பட்டியலில் இல்லை. காலை ஆறு மணிக்கே கல்லறைப் பாதையைப் பெருக்கிவைத்திருந்தான்.

சனிக்கிழமை சிபில்லா அம்மாவின் வீட்டைக் காலி செய்யத் தொடங்கினாள். கதவில் முறைவாசல் அட்டை தொங்கியது. அம்மா இறந்த வாரம் அம்மாவின் முறை. அதன் பிறகு ஒரு சனிக்கிழமை கடந்திருந்தது, அட்டை நகரவில்லை. ஆனால் நடையும் நடைபாதையும் சுத்தமாக இருந்தன.

தெஸ்ஃபாலெம் மாடிப்படியில் ஈரத்துணியோடு குனிந்திருந்தான்.

"அட்டையை எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றாள் சிபில்லா.

"நானா எடுக்கக் கூடாது. முறை முடிச்சவங்கதான் மாட்டணும். அம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் அட்டையைக் கழற்றினாள். ஆர்கன்காரர் கதவைத் தாண்டி, அடுத்தது யாரென்று கேட்காமலே மேல்மாடி வரை ஏறினாள். கைப்பிடியில் மாட்டினாள். வரிசை தப்பு. அவன் பார்த்துவிட்டுத் துணியைப் பிழிந்தான்.

கீழே வந்து மேலங்கியை மடிக்கும்போது பைக்குள் காகிதம் சரசரத்தது. கீல்மான் கடைச் சீட்டு. அதில் அம்மாவின் கையெழுத்து, பெரிய எழுத்தில்: மெப்ரஹ்து. ஹ-வுக்கு அடியில் இரண்டு கோடு. மூலையில் கடைக்காரர் எழுதியிருந்தார்: தயார். சனிக்கிழமை கடை பன்னிரண்டு வரை.

மணி பதினொன்று நாற்பது. வெளியே தபால்காரரின் மஞ்சள் சைக்கிள் ட்ரௌப் வீட்டு வாசலில் நின்றிருந்தது. இந்தப் பக்கம் அழைப்புமணிப் பலகையில் மூன்றாவது தகடு இன்னும் 'விருந்தினர் அறை' என்றே இருந்தது.